கூம்பா, எண்கோணமா? காப்புரிமை வழக்குகளில் ஜூரியின் கண்

2011ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், சான் ஹோசே நகரக் கூட்டாட்சி நீதிமன்றம். சாம்சங் மீது ஆப்பிள் நிறுவனம் தொடுத்த வழக்கில் இடைக்காலத் தடை குறித்த வாதம் நடந்துகொண்டிருந்தது. நீதிபதி லூசி கோ, கைக்கு ஒன்றாக இரண்டு டேப்லெட்டுகளைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்து, இவற்றுள் உங்கள் கட்சிக்காரருடையது எது என்று சாம்சங் தரப்பு வழக்கறிஞரை வினவினார். இத்தொலைவிலிருந்து கூற இயலாது என்பது விடை. இருவருக்கும் இடையே இருந்த தொலைவு சுமார் பத்தடிதான். சற்று நேரத்திற்குப் பின் அதே தரப்பின் வேறொரு வழக்கறிஞர் சரியானதைச் சுட்டிக்காட்டினார்.

இக்காட்சியைச் செய்தித்தாளில் படித்தவர்களுக்கு வழக்கின் முடிவு அன்றே தெரிந்துவிட்டதாகத் தோன்றியிருக்கும். நிகழ்ந்ததோ வேறு. 2012 ஆகஸ்ட் 24ஆம் நாள், ஒன்பது பேர் கொண்ட ஜூரி தன் முடிவை அறிவித்தது. சாம்சங்கின் கைபேசிகள் பல ஆப்பிளின் உரிமைகளை மீறியவை என்று கூறி, ஏறத்தாழ 105 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. ஆனால் நீதிபதியின் கையில் அன்று இருந்த கேலக்ஸி டேப், ஆப்பிளின் டேப்லெட் வடிவமைப்பு உரிமையை மீறவில்லை என்றும் அதே ஜூரி முடிவு செய்தது. அதற்கு ஆறேழு வாரங்கள் முன்னர், ஜூலை 9ஆம் நாள், இலண்டனில் நீதிபதி கோலின் பர்ஸ் ஜூரி ஏதுமின்றித் தனித்து அமர்ந்து அதே முடிவுக்கு வந்திருந்தார். முன்புறத்தில் இரண்டும் ஒத்திருப்பது உண்மையே; ஆயினும் அத்தகைய முன்புறம் பழைய சாதனங்கள் பலவற்றிலும் உண்டு; சாம்சங்கின் மெலிவும் பின்புற அமைப்பும் வேறு; ஆப்பிளின் எளிமை அதனிடம் இல்லை என்பது அவர் கண்ட காரணம். ஆப்பிள் அளவுக்கு அது 'கூல்' இல்லை என்று அவர் எழுதியது உலகெங்கும் பேசப்பட்டது. வழக்கில் வென்றதற்காக மகிழ்வதா, இச்சொல்லுக்காக வருந்துவதா என்று சாம்சங் நிறுவனத்தார் திகைத்திருக்கக்கூடும்!

பத்தடித் தொலைவில் பிரித்தறிய முடியாதிருந்த இரு பொருள்கள், விசாரணையின் முடிவில் வேறு வேறாகிவிட்டன. பொருள்கள் மாறவில்லை, பார்த்த விதம் மாறிற்று. நம் வாடிக்கையாளர்களுள் பட்டறை நடத்துவோர், புதுக்கருவி செய்து ஏற்றுமதி செய்வோர், துளிர் நிறுவனம் தொடங்கியோர் எனப் பலர் உள்ளனர். இவர்களுக்குக் காப்புரிமை ஒரு சொத்து. நிலமாக இருந்தால் நாற்புறமும் கல் நட்டு எல்லையைக் காட்டிவிடலாம். கண்டுபிடிப்பின் எல்லையோ சொற்களால் ஆனது. அடுத்தவர் அதனுள் நுழைந்தாரா என்பதைக் கடைசியில் மனிதர் சிலரின் கண்ணும் மனமும் தீர்மானிக்கின்றன. அமெரிக்காவில் அக்கண் பெரும்பாலும் பொதுமக்களின் கண்ணாகவே உள்ளது. அது எவ்வாறு பார்க்கிறது என்பதைச் சில உண்மை வழக்குகளின் வழியே நோக்குவோம்.

ஜூரியில் அமர்வோர்

1791இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசமைப்பின் ஏழாவது திருத்தம், இருபது டாலருக்கு மேற்பட்ட உரிமையியல் வழக்குகளில் ஜூரி விசாரணை கோரும் உரிமையை வழங்குகிறது. இழப்பீடு கேட்கும் காப்புரிமை வழக்குகளும் இதனுள் அடங்கும். வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமப் பட்டியல் போன்றவற்றிலிருந்து குடிமக்கள் அழைக்கப்படுகின்றனர். கூட்டாட்சி நீதிமன்றத்தின் உரிமையியல் ஜூரியில் ஆறு பேருக்குக் குறையாமலும் பன்னிரண்டு பேருக்கு மிகாமலும் அமர்வர். தரப்பினர் வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலொழிய, முடிவு ஒருமனதாக இருத்தல் வேண்டும். காரணம் எதுவும் கூறாமலேயே மூன்று பேரை நீக்கும் வாய்ப்பு ஒவ்வொரு தரப்புக்கும் உண்டு. அத்துறையை நன்கறிந்தவர் ஒருவர் ஜூரியில் அமர்ந்தால் ஏனையோர் அவர் சொல்லையே வேதவாக்காகக் கொள்வரோ என்ற அச்சம் இரு தரப்பு வழக்கறிஞர்களுக்கும் இருப்பது இயல்பு. அந்த அச்சம் அடிப்படையற்றது என்று கூறுவதற்கில்லை. ஆப்பிள் வழக்கில் ஜூரித் தலைவர் தாமே ஒரு காப்புரிமை பெற்றவர். உள்ளறையில் பிறருக்குத் தாம் விளக்கம் அளித்ததை அவரே பின்னர்ப் பேட்டிகளில் தெரிவித்தார். அவரை முன்னிட்டுப் புதிய விசாரணை கேட்டது சாம்சங். நீதிபதி அதை ஏற்கவில்லை.

டெக்சாஸ் மாநிலத்தின் கிழக்கே மார்ஷல் என்றொரு சிற்றூர் உள்ளது. காப்புரிமை வழக்குகள் விரைந்து விசாரிக்கப்படும் இடம் என்று பெயர் பெற்றதால், உலகின் பெருநிறுவனங்கள் அவ்வூர் ஜூரியின் முன் நின்றன. நீதிமன்றத்தின் எதிரே ஊர் மக்கள் மகிழப் பனிச்சறுக்கு மேடை ஒன்று சாம்சங்கின் ஆதரவுடன் அமைக்கப்பட்டிருந்தது. தீர்ப்பளிக்கப் போகிறவர்கள் அவ்வட்டாரத்து மக்களிடமிருந்தே தேர்ந்தெடுக்கப்படுவர் என்பதை நினைவிற் கொண்டால், அம்மேடையின் பொருள் விளங்கும். எங்கு வழக்குத் தொடுக்கலாம் என்பதற்கு 2017இல் உச்ச நீதிமன்றம் வரையறை விதித்த பின் அங்கு செல்லும் வழக்குகள் குறைந்தன.

இடையில் ஒரு செய்தி. நம் நாட்டு மருந்து நிறுவனங்கள் அமெரிக்காவில் எதிர்கொள்ளும் காப்புரிமை வழக்குகள் பெரும்பாலும் ஜூரியின் முன் செல்வதில்லை. மருந்து விற்பனைக்கு வருமுன்னரே, இழப்பீட்டுக் கோரிக்கை எழாத நிலையில் தொடுக்கப்படுபவை ஆதலின், அவற்றை நீதிபதியே விசாரிப்பார். கருவிகளும் உதிரிபாகங்களும் ஏற்றுமதி செய்வோரின் நிலை அவ்வாறன்று.

சொல்லோடு ஒப்பிடுக என்கிறது சட்டம்

காப்புரிமை ஆவணத்தின் இறுதியில் எண்ணிட்ட வாக்கியங்கள் சில இருக்கும். உரிமைக்கோரல்கள் என்று அவற்றைக் கூறுவர். எடுத்துக்காட்டாக, ஒருவர் புதுவகை மடக்குக் குடை ஒன்றைச் செய்ததாகக் கொள்வோம். 'ஒரு கைப்பிடி, அதனுள் ஒரு சுருள்வில், அவ்வில்லை விடுவிக்கும் ஒரு பொத்தான், எட்டுக் கம்பிகள்' என்று அவர் கோரியிருந்தால், அந்நான்கும் அடுத்தவர் குடையில் உள்ளனவா என்று பார்ப்பதே சட்டம் கூறும் முறை. நிறம், துணி, அழகு எவையும் பொருட்டல்ல. கடையில் அவர் விற்கும் குடைகூட ஒப்பீட்டுக்கு உரியதன்று. எழுதிய வாக்கியமே உரியது.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இரண்டு குடைகளை மேசைமீது வைத்துவிட்டு, அவற்றைப் பாராமல் வாக்கியத்தை மட்டும் பாருங்கள் என்றால் மனம் கேட்குமா? கண் முதலில் பற்றுவது உருவத்தையே. உள்ளே இருக்கும் வில்லின் இயக்கத்தை உணரச் சிறிது பயிற்சி வேண்டும். உருவம் ஒத்து இயக்கம் வேறுபட்ட பொருளை 'நகல்' என்றும், இயக்கம் ஒத்து உருவம் மாறிய பொருளைப் 'புதிது' என்றும் கொள்ளும் ஆபத்து இங்கே எழுகிறது.

ஒப்புமை என்பதைப் பற்றி உளவியலறிஞர் ஆமோஸ் ட்வெர்ஸ்கி 1977இல் வெளியிட்ட கட்டுரை இவ்விடத்தில் பயன்படும். ஒப்புமை இருபுறமும் சமமாக இருப்பதில்லை என்று அவர் காட்டினார். மகன் தந்தையை உரித்து வைத்தாற்போல் இருக்கிறான் என்கிறோம். தந்தை மகனைப் போல் இருக்கிறார் என்பதில்லை. வட கொரியா சீனாவைப் போன்றது என்று கூற முன்வந்தோர், சீனா வட கொரியாவைப் போன்றது என்று கூற அத்துணை முன்வரவில்லை. பெரிதும் பேர்பெற்றதும் அளவுகோலாகிவிட, மற்றது அதன் சாயலாகத் தோன்றுகிறது. பேர்பெற்ற பொருளைக் கையில் ஏந்தி வரும் வாதிக்கு இது பாதி வெற்றி என்பது நம் கருத்து.

அக்கட்டுரையில் இன்னொன்றும் உண்டு. கிழக்கு ஜெர்மனி, மேற்கு ஜெர்மனி என்பது ஓர் இணை. இலங்கை, நேபாளம் என்பது மற்றோர் இணை. எந்த இணை மிகுதியாக ஒத்தது என்று ஒரு குழுவினரைக் கேட்டபோது பெரும்பான்மையோர் இரு ஜெர்மனிகளையே கூறினர். எந்த இணை மிகுதியாக வேறுபட்டது என்று மற்றொரு குழுவினரைக் கேட்டபோதும் பெரும்பான்மையோர் கூறியது இரு ஜெர்மனிகளையே! நன்கு அறிந்த பொருள்களில் ஒற்றுமைகளும் மிகுதியாகத் தெரியும், வேற்றுமைகளும் மிகுதியாகத் தெரியும். எதைத் தேடச் சொல்கிறோமோ அது கிடைக்கும். காப்புரிமை வழக்கில் வாதியின் வழக்கறிஞர் 'ஒத்துள்ளனவா' என்று கேட்பதும், பிரதிவாதியின் வழக்கறிஞர் 'வேறுபடுகின்றனவா' என்று கேட்பதும் ஒரே வினாவின் இரு வடிவங்கள் அல்ல. அவை இரு வேறு வினாக்கள்.

நிலக்கரி வண்டி

இச்சிக்கல் நேற்று முளைத்ததன்று. பால்டிமோர் நகரின் ராஸ் வினன்ஸ், இரயில் எஞ்சின்களும் வண்டிகளும் செய்தவர். 1847இல் நிலக்கரி ஏற்றும் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். அந்நாளைய பெட்டி வடிவ வண்டிகளில் கரியின் பாரம் பக்கச் சுவர்களை வெளியே தள்ளும். தாங்குவதற்காகச் சுவரைக் கனமாக்கினால் வண்டியின் எடை கூடும். வினன்ஸ் வண்டியின் உடலை வட்டமான கூம்பாக, கீழ்நோக்கிக் குறுகுமாறு அமைத்தார். பாரம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவியது. மெல்லிய இரும்புத் தகடே போதுமானதாயிற்று. அடிப்பகுதி தாழ்ந்ததால் பாரத்தின் மையமும் தாழ்ந்தது. தன் எடையைக் காட்டிலும் மிகுந்த கரியை வண்டி சுமந்தது.

டென்மீட் என்பார் செய்த வண்டியும் கீழ்நோக்கிக் குறுகியது. ஆனால் அதன் உடல் வட்டமன்று, எண்கோணம். வினன்ஸின் ஆவணம் கூம்பு என்றே கூறியிருந்தது. எண்கோணம் கூம்பாகாது, எனவே மீறல் இல்லை என்ற கருத்தில் விசாரணை நீதிபதி ஜூரிக்கு வழிகாட்ட, ஜூரியும் அவ்வாறே முடிவளித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1853ஆம் ஆண்டு அமர்வில் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அம்முடிவு கவிழ்ந்தது. பட்டறையில் அடித்துச் செய்யும் இரும்பு வண்டி கணித நூலில் உள்ள வட்டமாக இருக்க முடியாது. வட்டத்தை நெருங்கி அதே வழியில் அதே பயனைத் தந்தால் அது சாரத்தில் அதுவே. நெருங்கியதா என்பதை ஜூரியே ஆராய வேண்டும் என்றனர் ஐவர். மற்ற நால்வர் அஞ்சியது வேறொன்றை: தன் உரிமையைத் தெளிவான சொல்லில் வரையறுத்தவரே அச்சொல்லைத் தாண்டி உரிமை கேட்டால், ஏனைய பட்டறைக்காரர்கள் எதை நம்பித் தொழில் செய்வது?

ஐவர் கூறியதும் நியாயம், நால்வர் அஞ்சியதும் நியாயம். நூற்றெழுபது ஆண்டுகளாக அமெரிக்கச் சட்டம் இவ்விரண்டுக்கும் இடையே ஊசலாடுகிறது. 1950இல் பற்றவைப்புப் பொடி பற்றிய வழக்கொன்றில், மக்னீசியத்துக்குப் பதில் மாங்கனீசு சேர்த்தது வேறுபாடாகாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதே வேலையை, அதே வழியில் செய்து, அதே பயனைத் தருகிறதா என்ற மும்முனைச் சோதனை அத்தீர்ப்பினால் பரவலாயிற்று.

கரண்டியை யார் பார்ப்பது?

உருவமே உரிமையாகும் வழக்குகளும் உள. கோர்ஹாம் நிறுவனம் வெள்ளிக் கரண்டி, முள்கரண்டிகளின் கைப்பிடி வடிவத்துக்கு 1861இல் உரிமை பெற்றது. வைட் என்பவரின் கரண்டிகள் அதனை ஒத்திருந்தன. துறை வல்லுநர் ஒருவர் இரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால் வேறுபாடுகள் புலனாகும் என்று கீழ் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. 1871ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதனை மாற்றியது. பார்க்க வேண்டியவர் வல்லுநர் அல்லர்; கரண்டி வாங்க வருபவர், வாங்குபவர் வழக்கமாகச் செலுத்தும் கவனத்தோடு நோக்கி, ஒன்றை மற்றொன்றென எண்ணி ஏமாறுவாரா என்பதே வினா. இந்தச் 'சாதாரண நோக்கர்' சோதனையே இன்றும் நிலவுகிறது. இவ்வகை வழக்கில் ஜூரியில் பொதுமக்கள் அமர்வது குறையன்று, தகுதியே எனலாம்.

ஆனால் சாதாரண நோக்கரையும் தனியே விட இயலாது என்று 2008இல் நகம் மெருகேற்றும் ஒரு சிறு கட்டை கற்பித்தது. காப்புரிமை பெற்ற கட்டை நான்கு பக்கங்கள் உடைய உள்ளீடற்ற குழல். மூன்று பக்கங்களில் தேய்ப்பு அட்டை ஒட்டியிருக்கும். வழக்கிற்குள்ளான கட்டையில் நான்கு பக்கமும் அட்டை. இரண்டை மட்டும் காட்டினால் மிகவும் ஒத்தவை என்றுதான் எவரும் கூறுவர். ஆனால் முன்னரே சந்தையில் முக்கோணக் குழல் ஒன்று, எல்லாப் பக்கங்களிலும் அட்டையோடு இருந்தது. அதனையும் மேசையில் வைத்ததும் காட்சி மாறியது: அட்டை ஒட்டாத ஒரு பக்கம் என்பதே புதியவரின் தனித்தன்மையாகத் தோன்றிற்று, அது இல்லாத கட்டை மீறலாகவில்லை. காப்புரிமை வழக்குகளுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு இம்மூவழி ஒப்பீட்டை ஏற்றது. மூன்றாவதாக ஒன்றை அருகில் வைத்தால், முதல் இரண்டின் உறவே மாறிவிடுகிறது. இலண்டன் நீதிபதி பழைய டேப்லெட்டுகளையும் சேர்த்து நோக்கியதன் விளைவும் இத்தகையதே.

துணி வெளுப்பகமும் சாயமும்

ஜூரியிடமிருந்து சொற்களை மீட்ட வழக்கு, துணி வெளுப்பகத்தில் பிறந்தது. வாடிக்கையாளர் கொடுக்கும் துணிகள் காணாமற் போகாமல் பட்டைக் குறியீட்டுச் சீட்டுகளால் கண்காணிக்கும் முறைக்கு ஹெர்பர்ட் மார்க்மன் காப்புரிமை பெற்றிருந்தார். வெஸ்ட்வியூ நிறுவனத்தின் கருவி பில் தொகைகளைப் பதிவு செய்தது. தனித்தனித் துணியைத் தொடரவில்லை. 'இருப்பு' என்ற சொல் துணியைக் குறிக்குமா, பணக் கணக்கையும் குறிக்குமா என்பதில் வழக்கு நின்றது. ஜூரி மார்க்மன் பக்கம் நின்றது; துணியைத் தொடராத ஒன்று அவர் கூறிய இருப்புக் கணக்கு ஆகாது என்று நீதிபதி அம்முடிவை ஒதுக்கினார். சொல்லுக்குப் பொருள் காண்பது நீதிபதியின் கடமை, ஜூரிக்குரியதன்று என்று 1996இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. அன்றுமுதல் நீதிபதி முதலில் சொல்லுக்குப் பொருள் வகுப்பார். ஜூரி அப்பொருளைக் கையிற்கொண்டு சாதனத்தைப் பார்க்கும்.

அடுத்த ஆண்டே மற்றொன்று. சாயத்தைத் தூய்மையாக்கும் முறை ஒன்றில் கரைசலின் பி.எச். அளவு ஏறத்தாழ 6 முதல் 9 வரை என்று காப்புரிமை வரையறுத்திருந்தது. பிரதிவாதி 5இல் செய்தார். ஜூரி இரண்டும் நிகரே என்றது. எண்ணாக நோக்கினால் ஐந்தும் ஆறும் அண்டை வீட்டார். வேதியியலில் 5 என்பது 6ஐக் காட்டிலும் பத்து மடங்கு அமிலத்தன்மை உடையது. ஆயினும் முறையின் பயன் மாறாதபோது அப்பத்து மடங்குக்குப் பொருள் உண்டா என்பதும் நியாயமான வினாவே. உச்ச நீதிமன்றம் நிகர்மைக் கோட்பாட்டைக் கைவிடவில்லை. ஒட்டுமொத்தமாக இரண்டும் ஒத்தவை எனக் கூறலாகாது, ஒவ்வொரு கூறுக்கும் நிகரான கூறு இருத்தல் வேண்டும் என்று கடிவாளமிட்டது.

கதையின் வலிமை

காப்புரிமையை மீற, நகலெடுக்க வேண்டியதில்லை. அடுத்தவர் கண்டுபிடிப்பை அறியாமலேயே தாமாகச் செய்தாலும் மீறல் மீறலே. நகலெடுத்த சான்று, வேண்டுமென்றே மீறினாரா என்பது போன்ற பிற வினாக்களுக்குத்தான் உதவும். ஆயினும் 'இவர் பார்த்துச் செய்தார்' என்று அறிந்தபின் இரண்டு பொருள்களும் மேலும் ஒத்தவையாகத் தோன்றுவது மனித இயல்பு. ஆப்பிள் வழக்கில் சாம்சங்கின் 132 பக்க உள் அறிக்கை ஒன்று காட்டப்பட்டது. 2010ஆம் ஆண்டைச் சேர்ந்த அவ்வறிக்கை, தம் கைபேசியை ஐபோனோடு ஒவ்வொரு திரையாக ஒப்பிட்டு எதை மேம்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. போட்டியாளரின் பொருளை ஆராய்வது எல்லாத் தொழிலிலும் உள்ளதே. ஆனால் ஜூரியின் முன் அது வேறு குரலில் பேசும்.

எதிர்த்திசையில் வேலை செய்யும் கதையும் உண்டு. விட்டுவிட்டு இயங்கும் மகிழுந்துத் துடைப்பானைக் கண்டறிந்த இராபர்ட் கெர்ன்ஸ் 1967இல் காப்புரிமை பெற்றார். கண்ணிமை போல் ஒருமுறை சிமிட்டி, சற்றே நின்று, மீண்டும் சிமிட்டும் துடைப்பான் அது. ஃபோர்டு நிறுவனத்தின்மீது 1978இல் வழக்குத் தொடுத்தார். அதில் புதிதென்ன, கடையில் கிடைக்கும் மின்தடை, மின்தேக்கி, டிரான்சிஸ்டர்கள்தாமே என்பது ஃபோர்டின் வாதம். செய்து காட்டியபின் எல்லாம் எளிதாகத்தான் தெரிகிறது. மாதிரி ஜூரிகளைக் கொண்டு சட்டப் பேராசிரியர் கிரகரி மாண்டெல் 2006இல் வெளியிட்ட ஆய்வும் இதனையே காட்டிற்று. தீர்வைக் கூறாமல் சிக்கலை மட்டும் விளக்கியபோது, விடை எளிது என்றோர் சிலர். தீர்வையும் கூறியபின் எளிது என்றோர் மிகப் பலர். பின்புத்தியை மறந்துவிடுங்கள் என்று அறிவுறுத்தியும் பயன் சிறிதே.

கெர்ன்ஸ் வழக்கில் டெட்ராய்ட் ஜூரி 1990இல் அவர் காப்புரிமை செல்லும், ஃபோர்டு மீறியது, ஆனால் வேண்டுமென்று மீறவில்லை என்றது. 1.02 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. வழக்குத் தொடுத்ததிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. அவருடைய மணவாழ்வும் இடையில் முறிந்திருந்தது. ஒப்புமையை நிறுவ ஆகும் காலமே சிறு கண்டுபிடிப்பாளருக்குப் பெரும் செலவு.

ஒத்தது என்றபின் எவ்வளவு?

ஆப்பிள் ஜூரியின் முன் வைக்கப்பட்ட வினாத்தாள் இருபது பக்கம். வினாக்கள் 700க்கு மேல். மூன்று நாளுக்குள் விடை எழுதி முடித்தனர். பின்னர் அத்தொகை நெடும்பயணம் சென்றது. கணக்கீட்டுப் பிழைக்காக நீதிபதி ஒரு பகுதியை நீக்கினார். 2013இல் வேறு ஜூரி அப்பகுதிக்கு 29 கோடி டாலர் விதித்தது. 2015இல் மேல்முறையீட்டில் மேலும் குறைந்தது. 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அடிப்படை வினா ஒன்றை எழுப்பியது. வட்ட முனைகளையும் திரையின் சட்டகத்தையும் போல அமைத்ததற்காக, முழுக் கைபேசியின் இலாபத்தையும் தருவதா? வடிவமைப்பு உரிமையைப் பொறுத்தவரை 'பொருள்' என்பது அதன் ஓர் உறுப்பாகவும் இருக்கலாம் என்றது நீதிமன்றம். கரண்டிக்குக் கைப்பிடிதான் எல்லாம், கைபேசிக்கு அவ்வாறன்று. 2018 மே மாதம் மற்றுமொரு ஜூரி 53.9 கோடி டாலர் என்றது. அடுத்த மாதம் இரு தரப்பும் உடன்பட்டு வழக்கை முடித்துக்கொண்டன.

நம் நாட்டில்

இந்தியாவில் காப்புரிமை வழக்குகளுக்கு ஜூரி இல்லை. மாவட்ட நீதிமன்றத்துக்குக் குறையாத நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். பிரதிவாதி காப்புரிமையையே நீக்கக் கோரினால் வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு மாறும். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தனிச்சார்பற்ற அறிவியல் ஆலோசகரை நீதிமன்றம் நியமிக்க இடமளிக்கிறது. டில்லி, சென்னை உயர் நீதிமன்றங்களில் அறிவுசார் சொத்துரிமைக்குத் தனிப் பிரிவுகளும் வந்துள்ளன.

ஆனால் கூம்பா எண்கோணமா என்ற வினா இங்கும் எழாமலில்லை. பஜாஜ் நிறுவனம் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள் கொண்ட சிறு எஞ்சினுக்கு 2005இல் காப்புரிமை பெற்றது. டி.வி.எஸ். நிறுவனம் 2007இல் ஃபிளேம் என்ற இருசக்கர வாகனத்தைக் கொணர்ந்தது. அதிலும் பிளக்குகள் இரண்டு. ஆனால் பஜாஜ் எஞ்சினில் வால்வுகள் இரண்டு, ஃபிளேமில் மூன்று. பிளக்குகளை எண்ணினால் ஒத்தவை. வால்வுகளை எண்ணினால் வேறு. சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2008 பிப்ரவரியில் இடைக்காலத் தடை விதித்தார். 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு, முதற்கட்ட நோக்கில் வால்வு வேறுபாட்டுக்கு எடை தந்து, தடையை நீக்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் விற்பனையை அனுமதித்து, கணக்கைச் செம்மையாக வைக்குமாறு பணித்தது. இத்தகைய வழக்குகளை நாள்தோறும் நடத்தி நான்கு மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என்றும் கூறியது. பயிற்சி பெற்ற நீதிபதிகளே இரு நிலைகளில் இரு விதமாகக் கண்டனர் என்றால், சான் ஹோசேயின் ஒன்பது பேரை எளிதில் குறை கூற இயலாது.

தொழில் முனைவோருக்கு இதிலிருந்து கிடைக்கும் செயல்முறைக் குறிப்புகள் சில. உரிமைக்கோரலை எழுதும்போது 'கூம்பு' என்றெழுதினால் போதுமா, 'கீழ்நோக்கிக் குறுகும் உடல்' என்றெழுத வேண்டுமா என்பதை முகவரிடம் அமர்ந்து பேசுதல் நன்று. மிக விரித்தால் பழைய பொருள்களையும் உள்ளடக்கிக் காப்புரிமையே செல்லாமற்போகும்; மிகச் சுருக்கினால் போட்டியாளர் எண்கோணம் செய்துவிடுவார். விண்ணப்பிக்குமுன் பொருளைச் சந்தையில் காட்டுவது புதுமையைக் கெடுக்கும். முழு விவரம் ஆயத்தமாகாவிடில் தற்காலிக விவரக் குறிப்பைத் தாக்கல் செய்து, பன்னிரண்டு மாதங்களுக்குள் முழுமை செய்யலாம். இணையவழி விண்ணப்பத்துக்குத் தனிநபர், துளிர் நிறுவனம், சிறு நிறுவனம், கல்வி நிலையம் ஆகியோருக்குக் கட்டணம் 1,600 ரூபாய். ஏனையோருக்கு 8,000 ரூபாய். தோற்றமே பொருளின் சிறப்பாயின் 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்கீழ்த் தனியே பதிந்து பத்து ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் ஐந்து ஆண்டுகளும் காப்பு பெறலாம்.

காப்புரிமையை மாற்றிக் கொடுப்பதும் உரிமம் அளிப்பதும் அடமானம் வைப்பதும் எழுத்தில் இருந்தாலன்றிச் செல்லாது என்கிறது சட்டத்தின் 68ஆம் பிரிவு. அவற்றைக் காப்புரிமைப் பதிவேட்டிலும் பதிவு செய்தல் வேண்டும். காப்புரிமையைக் காட்டிக் கடனோ முதலீடோ நாடுவோரிடம் சான்றிதழை மட்டும் கேட்பதில்லை. உரிமைக்கோரல்களையும், ஆய்வின்போது காப்புரிமை அலுவலகத்துடன் நடந்த கடிதப் போக்குவரத்தையும் சேர்த்துக் கேட்பது விவேகம். அவ்விரண்டையும் ஒரே கோப்பில் வைத்திருப்பவருக்கு அன்றைய வேலை எளிதாகும்.